அன்று இரவு நிலா எத்தனை மணிக்கு எழுந்தது? கதைக்குச் சரக்கு தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

தனுஷ்கோடிப் புயலை வைத்து ஒரு குறுநாவல் எழுத உட்கார்ந்தபோது என் முதல் வரி இப்படி இருந்தது: "அமாவாசை இருட்டில் கடல் கறுத்துக் கிடந்தது." அந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு வாரம் கழித்துப் பழைய புத்தகக் கடையில் குரோதி வருடத்துப் பஞ்சாங்கம் ஒன்று கையில் அகப்பட்டது. புரட்டிப் பார்த்தேன். புயல் அடித்த 1964 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை. மார்கழி பிறந்து ஒரு வாரம். பௌர்ணமி கழிந்து மூன்றே நாள்.

அப்படியென்றால் அன்று எட்டரை, ஒன்பது மணிவாக்கில் நிலா எழுந்திருக்க வேண்டும். பாம்பன் – தனுஷ்கோடி பாசஞ்சர் பாம்பனை விட்டுக் கிளம்பிய நள்ளிரவு நேரத்தில் அது நன்றாக மேலேறியிருக்கும். மேகம் மூடியிருந்ததால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆனால் மேகத்துக்குப் பின்னால் நிலா இருக்கிற இரவு வேறு, அமாவாசை இரவு வேறு. நிலா மறைந்திருக்கும் இரவில் வானம் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்திருக்கும், அலையின் நுரை தெரியும். எதிரே எழுந்து வருவது தண்ணீர்தான் என்பது அதைப் பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். எனக்குப் பிடித்த வரி போயிற்று. அது போன இடத்தில்தான் கதை கிடைத்தது.

புதிதாக எழுத வருகிறவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி, "கரு எப்படித் தோன்றுகிறது?" என்பது. எனக்கு அது தோன்றி வந்ததில்லை. ஒன்றை ஊகித்துக்கொண்டு, அந்த ஊகத்தைக் கொண்டுபோய் உண்மையில் மோதவிட்டு, அது உடையும் இடத்தைப் பார்ப்பதுதான் என் முறை. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த மோதலுக்கான ஏற்பாடுகள். உதாரணத்துக்கு என் தனுஷ்கோடிக் கதையையே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர் வேறாக இருக்கலாம், வேலை இதேதான்.

முதல் படி: சொந்தக் கையிருப்பை எண்ணுங்கள்

"உங்கள் வாழ்க்கையில் என்ன நடந்தது?" என்று கேட்டால் பெரும்பாலோர், "சொல்லும்படி ஒன்றுமில்லை" என்பார்கள். அதனால் அப்படிக் கேட்டுக்கொள்ளாதீர்கள். மூன்று பட்டியல் எழுதுங்கள்: சம்பளம் வாங்கிய இடங்கள், வாடகை கொடுத்த வீடுகள், காத்திருந்த வரிசைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அங்கே இருந்தவருக்கு மட்டுமே தெரியக்கூடிய ஒரு விஷயத்தைக் குறியுங்கள்.

நான் இளம்வயதில் இரண்டு வருடம் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் பில் எழுதினேன். மூன்று கார்பன் தாள் வைத்து எழுதினால் நான்காவது பிரதியில் எழுத்து சரியாக விழாது. அந்த மங்கல் பிரதிதான் டிரைவருக்குப் போகும். சரக்கு போய்ச் சேரும் இடத்தில் தகராறு என்றால், படிக்க முடியாத தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர் அவர்தான். இதை எந்த நூலகத்திலும் தேடி எடுக்க முடியாது. பிற்பாடு தனுஷ்கோடி ரயில் நிலையத்துக்கு ஒரு பார்சல் குமாஸ்தாவைக் கற்பனை செய்தபோது, அவருடைய நீலம் படிந்த விரல்களும், அழுத்தி எழுதி எழுதிக் காய்த்துப்போன நடுவிரலும் என்னிடம் தயாராக இருந்தன. அவர் வாழ்ந்த காலத்தில் நான் பிறந்திருக்கவே இல்லை. ஆனாலும் அவர் கை என் கை.

ப. சிங்காரம் இரண்டே நாவல்கள் எழுதினார். இரண்டும், அவர் இளைஞராகப் போய் வேலை பார்த்த இந்தோனேசியாவின் மேடான் நகரத்தையும் ஜப்பானியர் ஆக்கிரமிப்புக் காலத்தையும் தொட்டு நிற்பவை. திரும்பி வந்தபின் பல வருடங்கள் மதுரையில் ஒரு நாளிதழில் வேலை பார்த்தார். மதுரையில் உட்கார்ந்துகொண்டுதான் மேடான் தெருக்களை எழுதினார். அசோகமித்திரன் செகந்திராபாத்தை விட்டு 1952இல் சென்னைக்கு வந்தார். அந்த ஊரை வைத்து எழுதிய நாவல் வந்தது 1977இல். அனுபவம் நடந்த அன்றே பயன்படாது. ஊறப் போட வேண்டும். நேற்றைய சண்டையை இன்று கதையாக்கினால், அதில் நீங்கள் மட்டும்தான் நியாயமாக இருப்பீர்கள்.

இரண்டாம் படி: நிகழ்ச்சியை விடுங்கள், ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

"தனுஷ்கோடிப் புயல்" என்பது தலைப்பு. அதில் கதை இல்லை. புயல், ரயில், அழிவு என்று எல்லாருக்கும் தெரிந்ததையே நீங்களும் எழுதுவீர்கள். ஏற்கெனவே எழுதப்பட்டவற்றைப் படியுங்கள். படிக்கும்போது ரசிகராக இருக்காமல், குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலாக இருங்கள்.

புயலைப் பற்றிய கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சி உண்டு. சிக்னல் கிடைக்காமல் ரயில் நின்றது. சற்று நேரம் பார்த்துவிட்டு ஓட்டுநர் நீளமாக விசில் ஊதி வண்டியை நகர்த்தினார். கடல் வந்து அடித்துக்கொண்டு போயிற்று. ரயிலில் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை என்பதும் அதே கட்டுரைகளில் இருக்கிறது. அப்படியென்றால் அந்த விசிலைக் கேட்டவர் யார்?

இதுதான் நான் பிடித்த கேள்வி. யாரோ ஒருவர் கேட்டிருக்க வேண்டும், அல்லது பின்னால் எவரோ இட்டுக்கட்டியிருக்க வேண்டும். இரண்டில் எது உண்மையானாலும் அங்கே ஒரு மனிதர் இருக்கிறார். கேட்டுவிட்டு ஒன்றும் செய்ய முடியாமல் நின்றவர், அல்லது கேட்டதாகச் சொல்லியே மீதி வாழ்நாளைக் கழித்தவர். என் பார்சல் குமாஸ்தா பிறந்தது இப்படித்தான்.

நல்ல கேள்விக்கு அடையாளம், அதை ஒரே வாக்கியத்தில் கேட்டுவிடலாம், ஆனால் கூகுளில் அடித்தால் பதில் வராது.

மூன்றாம் படி: ஊருக்குப் போகுமுன் தாளுக்குப் போங்கள்

பலர் முதலில் பயணம் கிளம்பிவிடுகிறார்கள். என்ன பார்ப்பது என்று தெரியாமல் போனால் சுற்றுலாப் பயணி பார்ப்பதைத்தான் பார்ப்பீர்கள்: இடிந்த தேவாலயம், சங்கு மாலை, செல்ஃபி. ஒரு மாதமாவது படித்துவிட்டுப் போங்கள்.

எங்கே படிப்பது? சென்னையில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவைத்த இடங்கள் உண்டு. எழும்பூரில் கன்னிமாரா நூலகம், 1896இல் திறந்தது. அதே எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அரசாணைகளும் மாவட்ட ஆவணங்களும் அங்கே. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்; கோட்டையூரில் தனிமனிதர் ஒருவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த தொகுப்பிலிருந்து வளர்ந்தது. அரிய பத்திரிகைகளும் நோட்டீசுகளும் பாட்டுப் புத்தகங்களும் கிடைக்கும். வெளியூர்க்காரர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து நூல்களுக்கு "நூலகம்" என்ற இணையதளமும் இருக்கின்றன. பணம் செலவில்லை, பொறுமைதான் செலவு.

அதிகம் பேர் கண்டுகொள்ளாத ஒன்றைச் சொல்கிறேன். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டிச் சில கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, ஊருக்கு ஒரு புத்தகம் என்று ஆய்வு நூல்கள் வெளியிட்டார்கள். வீடு எப்படிக் கட்டினார்கள், என்ன சாப்பிட்டார்கள், யாருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். உங்கள் கதையின் ஊர் அதில் இல்லாவிட்டாலும், பக்கத்து ஊர் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

பழைய நாளிதழ் கிடைத்தால் தலைப்புச் செய்தியில் நின்றுவிடாதீர்கள். விளம்பரம், விலைவாசி, கப்பல் புறப்பாடு, காணவில்லை அறிவிப்பு ஆகியவற்றைப் படியுங்கள். 1964 ஜூன் மாதமே "நயா பைசா" என்பதிலிருந்து "நயா" அதிகாரபூர்வமாக நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் டிசம்பரில் டீக்கடையில் நிற்கும் பாத்திரம் "பத்து நயா பைசா" என்றுதான் சொல்லுவார். அரசாங்கம் மாற்றிய வேகத்தில் நாக்கு மாறாது.

இப்படி மேய்ந்துகொண்டிருந்தபோதுதான் என் கதையின் முதுகெலும்பு கிடைத்தது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியாவும் இலங்கையும் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்யப் போன இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்று ஏற்பாடு. அன்றைக்கு அந்த மக்கள் வந்து இறங்க வேண்டிய வழி எது? சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை போட் மெயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு ஸ்டீமர். அதே வழியில்தான் திரும்பியும் வர வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகி 53 நாளில் அந்தத் துறைமுகமே இல்லாமல் போயிற்று.

இந்த இரண்டு தேதிகளையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பார்சல் குமாஸ்தாவுக்கு ஒரு வேலை வந்துவிட்டது. ஐந்து லட்சம் பேரின் மூட்டை முடிச்சுகள் இந்த மேடைக்கு வரப்போகின்றன என்று மேலதிகாரி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் புது ரசீதுப் புத்தகங்களுக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். புயல் வந்தது அந்தக் காத்திருப்பின் நடுவில்.

நான்காம் படி: இடத்துக்குப் போங்கள், சும்மா உட்காருங்கள்

ராஜம் கிருஷ்ணனை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. முசிறியில் பிறந்தவர். தூத்துக்குடி உப்பளத்துக்கும் அவருக்கும் பிறப்பால் ஒரு தொடர்பும் இல்லை. அங்கே போய், உப்பளத் தொழிலாளர்களோடு பழகி, பார்த்து, கேட்டு எழுதியதுதான் "கரிப்பு மணிகள்". சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையர்களைப் பற்றி எழுத நினைத்தபோது சம்பலுக்கே போனார். இன்று வாகனமும் கைப்பேசியும் இருந்தும் நாம் யூடியூபில் ட்ரோன் படம் பார்த்துவிட்டு எழுதுகிறோம். மேலிருந்து பார்த்தால் உப்பளம் அழகாகத்தான் இருக்கும். வெயிலில் பாத்தியின் வெள்ளை கண்ணைக் குத்துவதும், உப்பு நீரில் நின்று நின்று பாதம் வெடிப்பதும் தரையில் நின்றால்தான் தெரியும்.

தனுஷ்கோடிக்கு இப்போது போவது எளிது. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017இல் திறக்கப்பட்டது. ராமேஸ்வரத்திலிருந்து பஸ் இருக்கிறது. மாலைக்குப் பிறகு வெளியாட்களை அங்கே தங்கவிடுவதில்லை என்பதால் காலையில் முதல் வண்டிக்கே போய்விடுங்கள். என் யோசனை இவ்வளவுதான்: முதல் நாள் கேமராவை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் உட்காருங்கள். முதல் ஒரு மணி நேரம் சலிப்பாக இருக்கும். அதன் பிறகுதான் உங்களை மறந்துவிட்டு ஊர் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கும்.

நான் அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் குடத்தோடு வந்தார். கடலிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லாத மணலில் ஒரு பள்ளம். மண்டியிட்டு, ஊறியிருந்த தண்ணீரைச் சிரட்டையால் கலங்காமல் மொண்டு மொண்டு ஊற்றினார். மொள்வதும் நிறுத்துவதும், ஊறட்டும் என்று காத்திருப்பதும், மறுபடி மொள்வதுமாகக் குடம் நிறைய இருபது நிமிடம் ஆயிற்று. நல்ல தண்ணீர். எனக்கும் ஒரு வாய் கொடுத்தார், உப்பே இல்லை. சுற்றிலும் கடல் இருக்கும் ஊரில் மக்கள் குடிநீருக்காக எவ்வளவு மெதுவாக அசைந்தார்கள் என்று அன்று என் உடம்புக்குப் புரிந்தது. கதையில் குமாஸ்தாவின் மனைவியை அந்தப் பள்ளத்தின் பக்கத்தில் மண்டியிட வைத்தேன். அவள் பேச வேண்டிய வசனங்களில் பாதியை அதற்குப் பிறகு அடித்துவிட்டேன், தேவைப்படவில்லை.

முடிந்தால் இரண்டு பருவத்தில் போங்கள். மே மாதத்து ராமேஸ்வரமும் மார்கழி ராமேஸ்வரமும் வெவ்வேறு ஊர்கள். கையால் ஒரு வரைபடம் போடுங்கள். கோணலாக இருந்தால் பரவாயில்லை. நிலையத்திலிருந்து கடலுக்கு எத்தனை எட்டு என்று நடந்து எண்ணுங்கள். பாத்திரம் ஓட வேண்டிய தூரத்தை எழுதுகிறவர் ஒரு தடவையாவது நடந்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: கேட்கும் முறை

புயலின்போது பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. அவர்களைப் பலர் பேட்டி கண்டிருக்கிறார்கள். சொல்லிச் சொல்லி அவர்கள் கதை தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். "அன்றைக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டால் அந்த வழவழப்பான பதில்தான் வரும்.

சின்னதாகக் கேளுங்கள். அன்று சாயங்காலம் வீட்டில் என்ன ஆக்கினார்கள்? விளக்கு எங்கே மாட்டியிருந்தது? வெளியே ஓடும்போது யார் யாரைத் தூக்கிக்கொண்டார்கள்? காலில் செருப்பு இருந்ததா? "செருப்பா?" என்று ஒரு பாட்டி சிரித்தார். சிரித்துவிட்டு, அப்பா புதிதாக வாங்கி வைத்திருந்த ஜோடியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார்.

ஆகவே சில ஒழுங்குகள். கதை எழுதத்தான் கேட்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒலிப்பதிவு செய்வதானால் அனுமதி வாங்குங்கள். "வேண்டாம் தம்பி" என்றால் அதற்கு மேல் துருவாதீர்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், பழமோ பலகாரமோ வாங்கிப் போங்கள். கதைக்குப் பணம் என்று பேரம் மட்டும் வேண்டாம். உதவித்தொகை வாங்கித் தருவேன், வீடு வாங்கித் தருவேன் என்று எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள். நாளைக்கு நீங்கள் சென்னைக்குப் போய்விடுவீர்கள், அவர் காத்திருப்பார். ஒருவர் சொன்னதை அப்படியே தூக்கிப் பாத்திரமாக்காமல் வயதை, குடும்பத்தை, தெருவை மாற்றுங்கள். அவர் பேத்தி படித்தாலும் "இது எங்கள் பாட்டி" என்று விரல் நீட்ட முடியாதபடி இருக்க வேண்டும்.

ஆறாம் படி: சொல் சேர்த்தல்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், தமிழில் தவறு அதிகம் நடப்பது இங்கேதான். "அவர் மீன்பிடித்துக்கொண்டிருந்தார்" என்று எழுதுவது, சமையற்காரரை "சமைத்துக்கொண்டிருந்தார்" என்று எழுதுவது மாதிரி. கரைவலையா, தூண்டிலா? வள்ளமா, நாட்டுப்படகா? வலையில் மீன் சேரும் பைக்கு "மடி" என்று பெயர். காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயர் உண்டு. கடற்கரை மனிதர் வெறுமனே "காற்று" என்று சொல்வது அபூர்வம். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துச் சொற்களை ஓர் அகராதியாகவே தொகுத்தார். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். சொல், யார் சொன்னது, எந்த வேலையின் நடுவில் சொன்னது என்று எழுதிக்கொள்ளுங்கள். கடைசிக் குறிப்பு இல்லாவிட்டால் சொல்லை எங்கே வைப்பதென்று பிறகு தெரியாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நாற்பது சொல் சேர்த்தால் கதையில் எட்டு வரட்டும். நாற்பதையும் இறக்கினால் வாசகர் உங்கள் உழைப்பைப் பாராட்டிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார்.

ஏழாம் படி: தகவல்கள் முட்டிக்கொள்ளும்போது

அந்த ரயிலில் 110 பயணிகளும் ஐந்து ஊழியர்களும் இருந்ததாக ஒரு கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களைச் சேர்த்தால் கூடும் என்று இன்னொரு பேச்சு. வரலாற்றாசிரியர் இதைத் தீர்த்தாக வேண்டும். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அந்த இடைவெளியிலேயே உட்காரலாம். என் குமாஸ்தாவிடம் 110 என்று எழுதிய தாள் இருக்கிறது. மேடையில் ஒரு கிழவர் வந்து, "என் மகன் டிக்கெட் எடுக்கமாட்டானே, அவனை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?" என்று கேட்கிறார். முரண்பட்ட இரண்டு தகவல்கள்தான் எனக்கு அந்தக் காட்சியைக் கொடுத்தன.

ஆனால் சரிபார்க்க முடிந்ததைச் சரிபார்த்தே ஆக வேண்டும். பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. கப்பலுக்கு வழிவிடும் அதன் நடுப்பகுதியை அந்நாளில் ஆட்கள் இருபுறமும் நின்று கையால் சுற்றித்தான் திறந்தார்கள். புயலில் சேதமான பாலத்தை 46 நாளில் சீர்செய்தார்கள். தனுஷ்கோடிக்கான தண்டவாளத்தை மட்டும் மறுபடி போடவில்லை. இப்படிப்பட்டவற்றில் கற்பனைக்கு இடமில்லை. இங்கே ஒரு பிழை விட்டால், ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் பத்தாம் பக்கத்தில் உங்களை நம்புவதை நிறுத்திவிடுவார்.

எட்டாம் படி: நோட்டை மூடுங்கள்

தேடுவது சுகமான வேலை, எழுதுவது அப்படி இல்லை. ஆகவே தேடிக்கொண்டே இருக்கத் தோன்றும். எனக்கு ஒரு அளவுகோல் உண்டு. புதிதாகப் படிக்கும் மூன்று விஷயங்களில் இரண்டு ஏற்கெனவே தெரிந்தவையாக இருந்தால் நிறுத்திவிடுவேன். நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, நினைவிலிருந்து மட்டும் முதல் வரைவை எழுதுவேன். தேதி மறந்திருந்தால் கோடு போட்டு விட்டுவிடுவேன். மறந்துபோனதில் முக்கால்வாசி கதைக்கு வேண்டாதது.

ஒன்பதாம் படி: ஊரிடம் படித்துக் காட்டுங்கள்

இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இலக்கிய நண்பர்களிடம் காட்டுவதற்கு முன்னால், அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

நான் படித்துக் காட்டியது வலை பொத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு. புயலில் தப்பியவர். நிலா மறைந்த வானம், கார்பன் தாள், ஊற்றுத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார், கை நிற்கவில்லை. குமாஸ்தா கதவைத் திறந்து வெளியே பார்க்கும் இடத்துக்கு வந்தேன். "கடல் எழுந்து நின்றது" என்று படித்தேன்.

ஊசி நின்றது.

"எந்தக் கடல், தம்பி?"

எனக்குப் புரியவில்லை. அவர் வலையை மடியில் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் இரண்டு பக்கம் நீட்டினார். தெற்கே மன்னார் வளைகுடா, எப்போதும் இரையும், அது ஆண் கடல். வடக்கே பாக் நீரிணை, குளம் மாதிரிக் கிடக்கும், அது பெண் கடல். இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம் மணலில் இருந்த ஊர் அது. இரண்டு மார்கழி அங்கே போய் வந்திருந்தேன். வரைபடம் போட்டிருந்தேன். எட்டு எண்ணியிருந்தேன். அந்த வாசலிலிருந்து அவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் பையில் பேனாவைத் தேடினேன்.